மழை கழுவிய பொட்டு

'தானே' என்ற புயல் ஓய்ந்த பிறகு, விழுந்த மரங்களையெல்லாம் சுற்றிக்கொண்டு கடலூரிலிருந்து வந்து சேர்ந்தாள் ரேகா. சிதம்பரத்துக்குக் கிழக்கே கடலோரத்தில் இருந்தது அவளுடைய ஆய்வுக்கூடம். ஜன்னல் பெயர்ந்து போயிருந்தது. அவளுடைய இரண்டு குடுவைகள் மட்டும் உடையாமல் நின்றன. கிட்டே போய்ப் பார்த்தாள். இரண்டிலும் அடையாளத்துக்கு வைத்த பொட்டைக் காணோம்.

குடுவைகளில் இருந்தது கடலின் நுண்பாசி. மீன்களுக்கெல்லாம் அடிப்படைச் சோறு அதுதான். ஒன்றைச் சாதாரணக் கடல்தண்ணீரிலும், மற்றதைக் கரியமில வாயு ஏற்றிப் புளிக்கவைத்த தண்ணீரிலும் இரண்டு வருடமாக வளர்த்தாள். காற்றில் அந்த வாயு கூடக்கூடக் கடல் இப்படியே புளித்துக்கொண்டு போனால், தலைமுறை தலைமுறையாக அதில் கிடக்கும் பாசியின் மரபணு மாறுமா? அதுதான் அவளுடைய டாக்டர் பட்ட ஆராய்ச்சி.

ஒட்டிய சீட்டெல்லாம் ஈரத்தில் உரிந்துவிழ, சரஸ்வதி பூஜைக்கு வைத்த பொட்டையே அடையாளமாக்கிக்கொண்டிருந்தாள் மகராசி. புளித்ததுக்குக் குங்குமம், சாதாரணத்துக்குச் சந்தனம். இப்போது எது எது?

"பேனாவுல எழுதியிருக்கக் கூடாதாம்மா?" என்றான் கூட ஆராய்ச்சி செய்யும் சார்லஸ்.

"சும்மா இருண்ணே. பயத்துல எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

கரண்டு போய் வாயு நின்றதில் தண்ணீரின் புளிப்பும் போயிருந்தது. அதைச் சோதித்தும் பயனில்லை. வழிகாட்டி தில்லைநாதன் சார்தான் ஒரு வழி சொன்னார்.

"ரெண்டுலயும் கொஞ்சம் எடுத்துப் புளிச்ச தண்ணியில வுடு. சாதாத் தண்ணியிலயும் வுடு. மாறியிருந்தா புளிப்புல ஒண்ணு செழிக்கும், ஒண்ணு சோந்துபோவும். ரெண்டும் ஒரே மாதிரி வளந்துச்சின்னா..."

அவர் முடிக்கவில்லை. இரண்டு வருடமும் வீண் என்பது அவளுக்கே தெரியும்.

கரண்டு வந்ததும் செய்தாள். அதன்பிறகு சோறு இறங்கவில்லை. காலையில் ஆய்வுக்கூடத்துக் கதவைத் திறக்கவே பயந்தாள். ஒருநாள் சார்லஸைத் திறக்கச் சொல்லிவிட்டு வெளியிலேயே நின்றாள்.

"ரேகா, ஓடியா! மாறிடுச்சி! நீ டாக்டரு!"

புளித்த தண்ணீரில் ஒரு பாசி டிகாஷன் நிறத்தில் செழித்திருந்தது. மற்றது வெளிறிக் கிடந்தது. சந்தோஷத்தில் அழுதுகொண்டே சாதாரணத் தண்ணீர்க் குடுவைகளை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். அழுகை நின்றுவிட்டது. செழித்த அதே பாசி இங்கே நாள் போகப் போகச் செத்து அடியில் படிந்திருந்தது. ஜன்னலுக்கு எதிரே தெரிந்த கடலில் மொண்ட தண்ணீர் அது.

"இதுக்கு நம்ம கடல்ல பொழைக்கத் தெரியலண்ணே."

"அதான் புளிப்புல பொழைக்குதே, வுடு."

"நாளைக்குக் கடலே பழையபடி ஆனாலும் இதால திரும்ப முடியாதுண்ணே."

அவள் கடலைப் பார்த்தாள். புயலன்றுகூட இவ்வளவு பயந்ததில்லை.