கை நனைத்த சம்பந்தி

துளசிங்கம் பெண் கேட்டு வருகிறார் என்றதும் பச்சையம்மா சிரித்தாள். அம்மா சம்மதித்துவிட்டாள் என்றே மகள் பட்டு நினைத்தாள்.

எண்பத்தெட்டாம் வருஷம். பெருங்களத்தூரில் அவர்கள் வீட்டுக்கும் துளசிங்கத்தின் லாரி ஷெட்டுக்கும் நடுவே ஒரே ஒரு மதில். அந்தப் பக்கம் அவர் மகன் ஜெயவேலு, இந்தப் பக்கம் பட்டு. மதில் காதலையும் தடுக்கவில்லை, ஆயிலையும் தடுக்கவில்லை.

லாரியிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலையும் இன்ஜின் கழுவிய டீசலையும் ஷெட்டில் வெறும் மண்ணில்தான் ஊற்றினார்கள். பச்சையம்மாவின் கிணற்றில் எண்ணெய்ப் படலம் மிதந்தது. சோறு நாறியது. அவள் சண்டைக்குப் போனபோது, "மண்ணு குடிச்சிக்கும் அக்கா, நீ ஏன் பேஜாராவுற?" என்று வேலையாட்கள் முன்னால் துளசிங்கம் சிரித்தார்.

அன்றிலிருந்து தெருக்கோடி பம்ப்பிலிருந்து குடம் சுமக்கும்போதெல்லாம் பச்சையம்மா பல்லைக் கடித்தாள். நாலு பேர் நடுவில் அந்த ஆளைத் தலைகுனிய வைக்காமல் விடுவதில்லை. அதில் மகளின் காதல் முறிந்தால் முறியட்டும்.

ஞாயிற்றுக்கிழமை துளசிங்கம் வெள்ளை வேட்டி சலசலக்க வந்தார். கூடவே குன்றத்தூரிலிருந்து அவர் அக்கா கங்கையம்மாள், பங்காளிகள், கூச்சத்தோடு ஜெயவேலு. பெண்ணைப் பார்த்தாயிற்று. பிடித்திருக்கிறது என்றும் சொல்லியாயிற்று.

"எழுந்திரிங்க அண்ணா, இலை போட்டாச்சு," என்றாள் பச்சையம்மா, தேனொழுக.

செம்பை எடுத்துத் தானே அவர் கையில் ஊற்றினாள். கிணற்றின் மேல்மட்டத்தில் பார்த்துப் பார்த்து அள்ளி வைத்த தண்ணீர். துளசிங்கத்தின் விரல்கள் பிசுபிசுத்தன. தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு பரவியது. உதறினார், வேட்டியெல்லாம் புள்ளி புள்ளியாய்த் தெறித்தது.

"இன்னாடா தம்பி, டீசல் நாத்தம் வருது?" கங்கையம்மாள் மூக்கைப் பொத்தினாள்.

"உங்க தம்பி ஷெட்டுலேருந்து எங்க வூட்டுக்கு வந்த சீர் அக்கா. கெணறு ரொம்பி கீது, வந்து பாருங்க."

பங்காளி ஒருவர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். துளசிங்கத்தின் முகம் சுருங்கிப்போனது. "வாங்க போலாம்! இந்த வூட்டுப் பொண்ணே வாணாம்!"

இதற்காகத்தானே காத்திருந்தாள் பச்சையம்மா! ஆனால் கங்கையம்மாள் அசையவில்லை.

"எங்கடா போற? கை நனைச்சிட்டியே."

அந்தப் பக்கத்து வழக்கம் அது. சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் சாப்பிடக் கை நனைக்கமாட்டார்கள். நனைத்துவிட்டால் பேச்சு மாறக் கூடாது. செம்பும் கையுமாக நின்ற பச்சையம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பழிவாங்கும் அவசரத்தில், தானே அழைத்துத் தானே தண்ணீர் ஊற்றி, ஜென்ம விரோதியைச் சம்பந்தியாக்கிவிட்டாள்!

"நல்ல தண்ணியோ கெட்ட தண்ணியோ, நனைஞ்சது நனைஞ்சதுதான்," என்றாள் கங்கையம்மாள். கதவுக்குப் பின்னால் பட்டுவின் வளையல்கள் சிணுங்கின.

பச்சையம்மா தடுமாறியது ஒரு கணம்தான். விரோதியைத் திட்டத்தான் முடியும். சம்பந்தியை ஆட்டி வைக்கலாமே!

"சரிக்கா. எங்க கெணத்துத் தண்ணில பொங்குன சோத்தை இவரு என்னிக்கு மூக்கைப் புடிக்காம துன்றாரோ, அன்னிக்கு முகூர்த்தம்."

"நாயம்தான்," என்றாள் கங்கையம்மாள்.

மறுநாளே ஜெயவேலு வேலையில் இறங்கினான். ஷெட்டுக்குச் சிமென்ட் தரை, ஆயில் பிடிக்கத் தட்டு, ஊற்றி வைக்க மூடி போட்ட டிரம், சிந்தினால் தூவ மரத்தூள். கறுத்த மண்ணைத் தோண்டி மூட்டை கட்டினார்கள். கிணற்றுப் படலத்தை வழித்து டிரம்மில் சேர்த்தார்கள். துளசிங்கமே மண்வெட்டி பிடித்தார். பச்சையம்மா மதிலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அங்க ஒரு சொட்டு கீது சம்பந்தி," என்று விரல் நீட்டினாள்.

டிரைவர் ஒருவன் பழக்கதோஷத்தில் ஆயிலை மண்ணில் சாய்க்கப் போனான். துளசிங்கம் அலறியது தெருவுக்கே கேட்டது.

"டேய், ஊத்தாதடா! அது என் புள்ள கல்யாணம்டா!"

அடுத்த மழைக்காலமும் கழிந்து தை பிறந்தது. கிணறு தெளிந்திருந்தது.

"அம்மா, தண்ணி நல்லாத்தானே கீது? அவங்க வூட்ல சொல்லிடட்டா?" என்றாள் பட்டு.

பச்சையம்மா ஒரு டம்ளர் மொண்டு முகர்ந்தாள். நிதானமாகக் குடித்தாள். இன்னொரு டம்ளரும் குடித்தாள்.

"பங்குனில கல்யாணம் வச்சிக்கலாம். அதுவரைக்கும் உன் மாமனார்கிட்ட மூச்சு வுடாத. இன்னும் கொஞ்ச நாள் தோண்டட்டும்."