ஐந்துக்கு எத்தனை

புஹாராவின் யூதர் தெருவில் நாளை மறுநாள் பண்பாட்டு நாள். பாட்டு, டோய்ரா மேளம், மல்லித்தழையும் ஈரலும் போட்ட பச்சைச் சோறு, எல்லாவற்றுக்கும் ஏற்பாடு ஆகிவிட்டது. ஒரு படிவம் மட்டும்தான் நிகழ்ச்சியை நடத்தும் யூதப் பெண் புலோரின் உயிரை எடுத்தது.

'பக்கத்து வீட்டு யூதர்களை எவ்வளவு நம்புகிறீர்கள்? ஐந்துக்கு மதிப்பெண் இடுக.' நிகழ்ச்சிக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. தெருவிலிருந்த முஸ்லிம் வீடுகள் அத்தனையும் முதல் தடவையே ஐந்து போட்டுக் கொடுத்துவிட்டன.

நிகழ்ச்சிக்குப் பணம் தரும் அமைப்பின் மேலாளர் யூரி தாஷ்கண்டிலிருந்து போனில் குதித்தார். "முன்னாடியே அஞ்சுன்னா எங்கேம்மா வளர்ச்சி? ஒரு வீட்லயாவது மார்க் ஏறணும். இல்லேன்னா அடுத்த வருஷம் நிகழ்ச்சியே கிடையாது."

"ஏற்கெனவே நம்புறவங்களை நான் என்ன சார் பண்றது? சண்டை மூட்டிவிட்டு சமாதானம் பேசவா?"

அவர் போனை வைத்துவிட்டார். குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போனது இதற்குத்தானா என்று எரிந்துகொண்டே புலோர் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அதான் போட்டுக் கொடுத்தேனே!" என்றாள் ஷரோஃபத் அக்கா. "என் கல்யாணத்துக்கு மேளம் அடிச்சுப் பாடினது உங்கம்மா. சனிக்கிழமை நீங்க நெருப்பைத் தொடக் கூடாதேன்னு உங்க வீட்டு அடுப்பைப் பார்த்துக்கிட்டது நான். இப்ப என்னடி புதுசா நம்பிக்கைக் கணக்கு?"

"மரியாதைக்குப் போட்ட மார்க் வேண்டாங்கா. நெஜத்தைப் போடுங்க."

"நெஜமா?" அக்கா பேனாவைப் பிடுங்கி 2 என்று எழுதினாள். "உங்க மாமன் பின்ஹாஸ், எனக்குப் பக்கத்துல இருந்த வீட்டை ஹோட்டல்காரனுக்கு வித்துட்டு நியூயார்க் போனானே, ஒரு வார்த்தை சொன்னானா? இருபது வருஷம் ஒரே சுவர். லாரி வந்து நின்னப்பதான் எனக்கே தெரியும்."

இந்தக் கோபத்தைப் புலோர் இதுவரை கேட்டதே இல்லை. தினமும் இந்த வீட்டில் டீ குடிப்பவள் அவள்.

பண்பாட்டு நாளன்று அக்கா வந்தாள், கூடவே பாடினாள், இரண்டு தட்டுச் சோறு தின்றாள். முடிந்ததும் படிவத்தில் மறுபடி 2 போட்டாள்.

"அக்கா!"

"சோறு பிரமாதம். உங்க மாமன்தான் இன்னும் பேசல."

புலோர் அங்கேயே நியூயார்க்குக்குப் போன் போட்டாள். "மாமா, எதுவும் விளக்காதீங்க. வாங்கிக்கட்டிக்கோங்க." போனை அக்காவின் கையில் திணித்தாள்.

அரை மணி நேரம். கழுதை என்றாள், கல்நெஞ்சன் என்றாள், பிறகு அழுதாள். கடைசியில், "முழங்கால் எப்படிடா இருக்கு?" என்று கேட்டாள். படிவத்தைப் பிடித்தபடி நின்றே புலோருக்குக் கால் கடுத்துப்போனது.

அக்கா மூக்கைச் சிந்திவிட்டு, 2-ஐ அடித்து 3 என்று எழுதினாள்.

"இவ்வளவு அழுகைக்கு ஒண்ணுதானா?"

"மிச்ச ரெண்டையும் வாங்கணும்னா, அடுத்த வருஷ நிகழ்ச்சிக்கு அவனை நேர்ல வரச் சொல்லு."