கெலேபியின் குடல்வாலும் என் பங்கும்

எங்கள் டோங்கா வழக்கப்படி அண்ணன் வீட்டில் எது வந்தாலும் முதல் பங்கு அத்தைக்கு. விருந்தில் பன்றியின் நல்ல துண்டு எனக்கு; பின்னிய பாய்களில் உயர்ந்தது எனக்கு. பிறர் வயிற்றை அமுக்கும் வேலை மட்டும் எனக்கு இருந்ததில்லை.

போதகர் வீட்டு விருந்துக்கு மறுநாள் அதுவும் வந்தது. அண்ணன் மகன் கெலேபி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால், வாசலிலேயே போதகரின் மனைவி சலோட்டே.

"பாதிப் பன்னிய ஒத்த ஆளாத் தின்னா வலிக்காம என்ன செய்யும்?"

எங்கள் குடும்பத்துக்கு அவள் வைத்த பெயர் தீனிப்பண்டாரம்!

தீவின் ஒரே டாக்டர் லெசியேலி, கெலேபியின் கூடப்பிறந்த தங்கை. எங்கள் வழக்கத்தில் வயது வந்த அண்ணனும் தங்கையும் ஒரே அறையில் இருக்கலாகாது; உடம்பைப் பற்றிப் பேசவே கூடாது. குடல்வால் வீங்கியிருந்தால், வெடிப்பதற்குள் படகேற்றிப் பெரிய தீவுக்கு அனுப்பியாக வேண்டும். வெறும் அஜீரணம் என்றால் சலோட்டே ஜெயித்துவிடுவாள். திரைக்கு அந்தப் பக்கம் லெசியேலி, இந்தப் பக்கம் கெலேபி, நடுவில் நான்.

"அத்தை, வலி மொதல்ல எங்க ஆரம்பிச்சுதுன்னு கேளுங்க."

"டேய், காதுல விழுந்துச்சுல்ல?"

"யாரு பேசினா? எனக்கு ஒண்ணும் கேக்கலியே."

வழக்கம் தெரிந்த பிள்ளை. நான் திருப்பிக் கேட்டபிறகே பதில் வந்தது. "தொப்புளச் சுத்தி, அத்தை. இப்ப வலப்பக்கம் கீழ எறங்கிடுச்சு."

"பசிக்குதான்னு கேளுங்க."

என் பையிலிருந்த, தேங்காய்ப்பாலில் வெந்த இறைச்சிப் பொட்டலத்தை அவன் மூக்கருகே நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். கெலேபி சாப்பாட்டுக்கு முகம் திருப்பி ஊர் கண்டதில்லை.

திரைக்கு அப்பால் அதைச் சொன்னேன். "அந்த எடத்துல மெதுவா அழுத்திட்டு, சட்டுனு கைய எடுக்கணும், அத்தை."

"நானா?"

"பின்ன, நான் உள்ள வரட்டுமா?"

"ஐயோ, வேணாம்!" என்றான் எதுவும் கேட்காத கெலேபி.

முதுகை நிமிர்த்திக்கொண்டு அழுத்தினேன், பல்லைக் கடித்தான். கையை எடுத்தேன். அவன் போட்ட கூச்சலில் வாசலில் சலோட்டேயின் சிரிப்பு நின்றது.

"குடல்வாலேதான்! படகுக்குச் சொல்லுங்க!"

படகுக்குச் சொல்வதற்கு முன்னால் ஜன்னலைத் திறந்து சலோட்டேக்குச் சொன்னேன்: "பன்னி இல்லடி, குடல்வால்!"

பெரிய தீவில் வெட்டியெடுத்தார்கள், பிழைத்தான். அதைப் புட்டியில் போட்டு சர்ஜன் காட்டியதும் கையை நீட்டினேன்.

"இது எதுக்கும்மா உங்களுக்கு?"

"அண்ணன் வீட்டுல எது வந்தாலும் முதல் பங்கு எனக்கு."

அடுத்த விருந்தில் அந்தப் புட்டி சலோட்டேயின் தட்டுக்கு நேர் எதிரே நின்றது. அவளுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. அவள் பங்குப் பன்றியையும் கெலேபிதான் தின்று தீர்த்தான்.