ஜாடி இருமுகிறது

1

விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளைப் பற்றி ஒரு பெரிய கதை எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே ஒரு நாய் குறுக்கே வந்து இருமியது. விரட்டிப் பார்த்தேன், போகவில்லை. அப்படிப் பிறந்ததுதான் இது.

2

1972. சூளைப் புகை அந்திவானத்தைத் தழுவிக்கொண்டிருந்த அந்த... (அடித்துவிட்டேன். நாய்க்கு மூச்சுத் திணறும்போது வானத்துக்கு என்ன அவசரம்?)

பீங்கான் கம்பெனியில் வேலை பார்க்கும் சொர்ணாம்பாளின் நாய் அது. முழங்கால் உயரம்கூட இல்லை. குட்டியாக இருந்தபோது உடைந்த ஊறுகாய் ஜாடிக்குள் கிடைத்ததால் பெயர் ஜாடி. கழுத்தில் கயிறு போட்டுத் தூணில் கட்டிவிட்டு அவள் வேலைக்குப் போவாள். அது அவள் பின்னால் ஓட இழுக்கும். இழுத்ததும் இருமல், நாக்கு நீலம் பாரித்துவிடும். மாட்டாஸ்பத்திரி மாத்திரைக்கும் அடங்கவில்லை.

3

பக்கத்து வீட்டு அமீனா பீவி துணி தைப்பவள். இங்கேதான் எனக்குச் சந்தேகம். அவள் நாயைத் தொடுவாளா? எச்சில் பட்டால் அவர்கள் வழக்கப்படி ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்து.* முதல் இரண்டு பிரதிகளில் வேலியோரம் நின்று பதறினாள், அவ்வளவுதான். மூன்றாவதில் என்னைக் கேட்காமலே வேலியைத் தாண்டிவிட்டாள். அவளை எனக்கு மிகவும் பிடித்துப்போனது அப்போதுதான்.

கயிற்றை அவிழ்த்தாள். கழுத்தில் படாமல் மார்பைச் சுற்றி வரும்படி பழைய துணியில் ஒரு பட்டை தைத்து மாட்டினாள். வெந்நீர்ச் சட்டியின் ஆவி முகத்தில் படும்படி ஜாடியை மடியில் வைத்துக்கொண்டாள்.

வேலை விட்டு வந்த சொர்ணாம்பாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "அக்கா, நீங்களா? மடியெல்லாம் எச்சிலு! தொழுவ வேணாமா?"

"கழுவிட்டுத் தொழுவுறேன். இந்த ஊர்ல மண்ணுக்கா பஞ்சம்? கழுத்துல கவுறு இறுக்குனா அது எப்படிடி மூச்சு வுடும்?"

* கம்பெனி கழித்துக் கொட்டிய களிமண் அமீனா பீவி வீட்டுக் கிணற்றடியிலேயே குவிந்து கிடந்தது.

4

முடிவு அ: ஜாடி துள்ளி எழுந்து தெருவையே... (இவ்வளவு சீக்கிரமா? நானே நம்பவில்லை.)

முடிவு ஆ: அன்று சாயங்காலம் ஜாடி... (எழுத மாட்டேன். போங்கள்.)

இப்போது இருமல் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. அமீனா பீவியின் உள்ளங்கைக்குக் கீழே விலா ஏறி இறங்குகிறது. பாங்கு சொல்ல இன்னும் சற்று நேரம்தான். கழுவ எழுந்தால் அது விழித்துக்கொள்ளும் என்று அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

அடுத்த வரியை எழுத எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் எழுதுவதானால் சத்தமில்லாமல் எழுதுங்கள். இப்போதுதான் கண் அசந்திருக்கிறது.