மூளைக்குள் போன வயிற்று மருந்து

வயித்துப்போக்குக்குக் குடுக்கிற ஒரு மருந்து மூளைக்குள்ள போகாதுன்னு நிரூபிக்க, மூணு வருஷமா எலிகளோட மல்லுக்கட்டிக்கிட்டிருக்கேன். குடல்ல இருக்கும், கல்லீரல்ல இருக்கும், மூளை மட்டும் வாசல்லயே தடுத்துத் திருப்பி அனுப்பிடும். இந்த மாசம் ஆய்வேட்டைக் குடுத்தாத்தான் கல்யாணம். யாரும் சொல்லலை, நானே வாயைக் குடுத்து மாட்டிக்கிட்ட நிபந்தனை. மாப்பிள்ளையோட தங்கச்சி, என் வருங்கால நாத்தனார், ஆய்வகத்துல பக்கத்து மேஜை. அவளோடது இதயத்துடிப்பைச் சீராக்குற மருந்து.

கடைசி ஆறு எலிக்கு மருந்து குடுத்தேன். அரைமணி நேரத்துல ஆறும் கண் சொருகிக் கிடந்துச்சு. சோம்பேறிக் கூட்டம்னு விட்டுட்டேன். திசுக்களை அரைச்சு அளந்தா, மூளையில வழக்கத்தைவிடப் பத்து மடங்கு மருந்து. வந்துச்சே எனக்கு ஆத்திரம். கருவியைக் கழுவி மறுபடி அளந்தேன், அதே பத்து மடங்கு. அழுகையே வந்துடுச்சு.

நாத்தனார் திருதிருன்னு முழிச்சா.

"அண்ணி, உங்க எலிக்கு வால்ல எத்தனை வளையம்?"

அடையாளத்துக்கு வால்ல மை வளையம் போடுவோம். எனக்கு ஒண்ணு, அவளுக்கு ரெண்டு. இதுங்க சும்மா இருக்காம நக்கி நக்கி அழிச்சிடும்.

"நான் எடுத்த எலிக்கு ஒண்ணுதான் இருந்துச்சு. இன்னொண்ணை நக்கிடுச்சுன்னு, பொறுப்பா..." அவளே இழுத்தா.

"பொறுப்பா?"

"இன்னொரு வளையம் போட்டு, என் மருந்தையும் குடுத்துட்டேன்."

கூண்டு மாறி எடுத்திருக்கா. நானும் கூண்டைப் பாத்தேனே தவிர வாலைப் பாக்கலை. இருந்தாலும் அவளைத்தான் திட்டினேன்.

"அந்த ஆறை விட்டுட்டு எழுதிடுங்க அண்ணி. அண்ணன் என்னைக் கொன்னுடுவான்."

ஆசையாத்தான் இருந்துச்சு. ஆனா அவ மருந்து என் மருந்துக்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கு. நாளைக்கு யாராவது வயித்துக்கு ஒண்ணும் இதயத்துக்கு ஒண்ணும் சேத்து முழுங்கினா? போகவே போகாதுன்னு எந்தக் கையால எழுதுவேன்?

பேராசிரியர்கிட்ட ரெண்டு பேரும் போய் நின்னோம். திட்டுறதுக்காக மூக்குக்கண்ணாடியைக் கழட்டினவர், அளவுகளைப் பாத்ததும் மறுபடி மாட்டிக்கிட்டார்.

"இதையே இப்ப வேணும்னே செய்ங்க, சேர்ந்து. ஒரு வருஷம் ஆகும்."

வெளியில வந்ததும் நாத்தனார் என் முகத்தைப் பாக்காம நடந்தா. நான் அவ அண்ணனுக்கு ஃபோன் போட்டு எல்லாத்தையும் சொன்னேன்.

"அப்ப கல்யாணம்?" மெதுவாத்தான் கேட்டார்.

"ஆய்வேடு ஒரு வருஷம் காத்திருக்கும். என்னால காத்திருக்க முடியாது."