நாற்பத்திநாலு வாக்குத் தலைவர்

நோர்வேயில், ஒஸ்லோ நகரின் ரொம்மன் பகுதியில் உள்ள தமிழ் மன்றத்தில் பதினாறு வருசமாக ஒரே அணிதான் வென்றுவந்தது. இந்திரகுமார் தலைவர், பிலேந்திரன் செயலாளர். இருவரும் ஒரே வருசம் ஒஸ்லோவுக்கு வந்தவர்கள். ஒரே டிப்போவில் பஸ் ஓட்டுபவர்கள். போன பொங்கல் விழாவில் பிரதம விருந்தினருக்கு மாலை போடப் பிலேந்திரன் எழும்ப, இந்திரகுமார் மாலையை வாங்கித் தானே போட்டுவிட்டார். அன்றோடு அணி இரண்டானது. இந்த முறை தலைவர் பதவிக்கு இருவருமே நின்றார்கள்.

மூன்றாவது ஆள் இளங்கோ. தமிழ்நாட்டுத் திருநெல்வேலிக்காரர், கணினி வேலைக்கு வந்து மூன்று வருசம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை ஒன்பது மணியிலிருந்து பதினொன்றுக்கு மாற்றக் கேட்டபோது, "நீங்கள் தலைவராகி மாத்துங்கோ" என்று இந்திரகுமார் நக்கலடித்திருந்தார். அந்தக் கோபத்தில் இளங்கோ வேட்புமனுப் படிவம் நிரப்பினார்.

"பிலேந்திரன் அண்ணையோடை ஒருக்காக் கதையுங்கோ. வாக்குப் பிரியப்போகுது," என்றார் இந்திரகுமாரின் மனைவி உதயகுமாரி.

"பிரியட்டும். அந்த இந்தியாக்காரருக்கு ஆர் போடப்போறது? பிலேந்திரன் வெல்லாட்டில் எனக்குக் காணும்."

நகரின் இன்னொரு பகுதியான அம்மருட்டில் பிலேந்திரன் வீட்டிலும் இதே பேச்சுத்தான், பெயர் மட்டும் வேறு.

ஞாயிறு பின்னேரம், தேர்தலை நடத்திய மரியரஞ்சனி ரீச்சர் முடிவை வாசித்தார். இந்திரகுமார் நாற்பத்தொன்று. பிலேந்திரன் நாற்பது. இளங்கோ நாற்பத்திநாலு. சனிக்கிழமைகளில் பிள்ளைகளை எழுப்பிக் களைத்த பெற்றோரெல்லாம் அவருக்குப் போட்டிருந்தார்கள்.

யாருக்கும் கைதட்டத் தோன்றவில்லை. இளங்கோவே பயந்துபோனார்.

"மேடம், இன்னொரு தடவை எண்ணிடுங்களேன்."

எண்ணினார்கள். அதே முடிவு.

இந்திரகுமாரின் முகம் கறுத்தது. அந்தப் பக்கம் பிலேந்திரன் தலைகுனிந்து இருப்பதைக் கண்டதும் கொஞ்சம் தெளிந்தது. பிலேந்திரன் நிமிர்ந்து இவரைப் பார்த்தார், அவருக்கும் தெளிந்தது. இருவரும் முந்திக்கொண்டு போய் இளங்கோவுக்குக் கைகொடுத்தார்கள்.

காரில் உதயகுமாரி சொன்னார்: "ரெண்டுபேரும் சேர்ந்திருந்தால் எண்பத்தொண்டு."

"அவனுக்கு என்னிலும் ஒண்டு குறைவு, கவனிச்சனீரோ?" என்றார் இந்திரகுமார்.

வகுப்பு பதினொன்றுக்கு மாறியது. பிள்ளைகளின் வரவும் கூடியது. அதைத்தான் இருவராலும் பொறுக்க முடியவில்லை. மாதக்கணக்காகப் பேசாதவர்கள் டிப்போத் தேநீர் அறையில் ஒரே மேசையில் இருந்து, நம்பிக்கையில்லாத் தீர்மானம் எழுதினார்கள். எண்பத்தொரு பேர் இருக்கிறார்கள், வெற்றி நிச்சயம். சிரித்துக்கூடக் கதைத்தார்கள்.

கையெழுத்து வைக்கப்போகும்போது பிலேந்திரன் கேட்டார்: "அப்ப அடுத்த தலைவர் ஆர்?"

இந்திரகுமார் பேனையை மூடிச் சட்டைப் பையில் செருகினார். அவருடைய பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம்.

இளங்கோ இரண்டு வருசத் தவணையை முழுதாக முடித்தார்.