தனுஷாவுக்கு ஃபுல் சார்ஜ்

1

இந்தக் கதை கோபத்தில் தொடங்கியது. கள்ளக்குறிச்சியில் ஒரு கூட்டம். உள்ளூர் மின்சாரச் சந்தை பற்றிப் பேசியவரின் திரையில் ஆட்டோக்காரர்களுக்கு 'நுகர்வோர் ஒன்று, இரண்டு, மூன்று' என்று பெயர். மூவருக்கும் ஒரே முகம். நான் பெயர் வைத்தேன்: சுப்புராயன், பாவாடை, தனுஷா.

2

தியாகதுருகம் கோட்டை மேல் வெயில் பொன்னாக

(வேண்டாம். கோட்டைக்கு இங்கே வேலையில்லை.)

தியாகதுருகம் ஸ்டாண்டில் மூன்று மின்சார ஆட்டோ. வீட்டில் சார்ஜ் போட யாருக்கும் வசதியில்லை. பக்கத்து வயல்களின் சோலார் பம்புசெட்டில் மதியம் மிஞ்சும் கரண்டை விவசாயிகள் ஒரு ஆப் வழியாக விற்கிறார்கள். மூன்று வண்டிக்கு அது போதாது. அதனால் ஏலம்: அதிக விலை சொன்னவருக்கு முதலில் ஏறும்.

மூவரும் பேசிவைத்து ஒரே விலை போட்டார்கள். ஜெயித்துவிட்டதாக டீ கூடக் குடித்தார்கள். ஆப் சமமாகப் பிரித்துவிட்டது. மூன்று பேட்டரியும் அரை வயிறு; கல்வராயன் மலை ஏற எதற்கும் தெம்பில்லை.

(கூட்டத்தில் பேசியவரின் கணக்கில் இது இல்லை. தினம் முகம் பார்க்கிறவர்கள் ஏலம் கேட்டால் இப்படித்தான்.)

பிறகு முறை வைத்தார்கள். நாளுக்கு ஒருவர் விலை ஏற்றலாம். மற்றவர்கள் அடி விலையோடு நிற்க வேண்டும். ஆப்பில் விலை தெரியும்; போட்டவர் பெயர் தெரியாது. வாய்ச்சொல்தான்.

3

இன்று தனுஷா முறை. நாளைக் காலை கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையிலிருந்து விவசாயி சாமியம்மாளின் சாமை மூட்டைகளை இறக்க வேண்டும். சரியாகப் போனால் வாராவாரம் அந்தச் சவாரி அவளுக்கு. இல்லையென்றால் டீசல் வேனுக்கு.

"மலைக்குப் போனதும் எங்கள மறந்துடாத" என்றான் பாவாடை.

"நீ வெலைய ஏத்தாம இருண்ணா. ஆளுக்கொரு படி சாமை கொண்டாறேன்."

சுப்புராயன் சிரிக்கவில்லை. நாளைக்குத் திருக்கோவிலூரில் கல்யாண வீட்டுச் சவாரி, நாள் முழுக்க. இப்போதுதான் ஒப்புக்கொண்டார். அரை சார்ஜில் ஆகாது.

"இன்னாண்ணே, போனையே பார்த்துக்கினு இருக்கீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. உன் முறைதான, நீ போடு."

4

முதல் வரைவில் சுப்புராயன் விலையை ஏற்றிவிட்டார். ஆம்பளைங்கன்னா இப்படித்தான் என்று எனக்குத் திருப்தியாக இருந்தது. அந்தத் திருப்தியை நான் நம்பவில்லை.

இரண்டாவதில் ஏற்றவில்லை. பள்ளிக்கூடச் சுவரில் எழுதி வைக்கலாம் போலிருந்தது.

மூன்றாவதில் கல்யாணச் சவாரியைப் பற்றி உண்மையைச் சொன்னார். "நீங்களே எடுத்துக்குங்கண்ணே" என்றாள் தனுஷா. கிழித்துப் போட்டேன். விட்டுக்கொடுக்க எப்போதும் அவள்தான் கிடைத்தாளா?

5

ஏலம் மூடப்போகிறது. தனுஷா விலை போட்டுவிட்டாள். அதைவிட ஒரு ரூபாய் கூட்டினால் போதும். ஏத்தாதே என்று அவள் சொன்னது பாவாடையிடம்; சந்தேகம்கூட அவன் மேல்தான் விழும்.

சுப்புராயனின் போனை உங்கள் கையில் தருகிறேன். அவர் நல்லவரா கெட்டவரா என்று எனக்குச் சொல்ல வேண்டாம். நாளைய சவாரியை ஒப்புக்கொண்டது நீங்கள்.

எதிரே தனுஷா ஒயரைச் சொருகிவிட்டு, சீட்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். உங்கள் பக்கம் திரும்பவில்லை. திரும்பிப் பார்க்கத் தேவையில்லை என்று நினைக்கிறாள்.